மினியேச்சருக்கு வண்ணம் தீட்ட என்னென்ன வாங்க வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார்ஹாமர், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரியான மேசை விளையாட்டுகளில் ஒவ்வொரு வீரனும் கட்டைவிரல் உயரத்தில் ஒரு சின்னப் பொம்மை, அதைத்தான் மினியேச்சர் என்கிறார்கள். பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்காகத்தான் வருவான். சட்டைக்கு என்ன நிறம், கேடயத்தில் எத்தனை கீறல் என்பதெல்லாம் நம் கையில். இதில் இறங்க நினைக்கிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

மிகக் குறைவாக எதை வாங்கினால் இன்றே ஆரம்பிக்கலாம்?

நுனி நன்றாகக் கூடும் பிரஷ் ஒன்று, தேய்ந்த பழைய பிரஷ் ஒன்று, பிரைமர் (பெயின்ட் பிடிக்க முதலில் அடிக்கும் பூச்சு), ஏழெட்டு பெயின்ட், பழுப்பு வாஷ் (குழிகளில் நிழல் தரும் மை) ஒன்று, மேட் வார்னிஷ் (பளபளக்காத பாதுகாப்புப் பூச்சு), நல்ல விளக்கு. இவ்வளவுதான். பெயின்ட் காயாமல் வைக்கும் ஈரத் தட்டை வீட்டிலேயே செய்துகொள்ளலாம், கீழே சொல்கிறேன்.

கையில் இருக்கும் பணத்தை எங்கே போடுவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. முதலில் பிரஷ், அடுத்து விளக்கு, அதற்கப்புறம்தான் பெயின்ட். ஐம்பது நிறம் கொண்ட பெரிய பெட்டியைப் பார்த்ததும் ஆசை வரும், வாங்காதீர்கள். அதில் முப்பது புட்டி திறக்கப்படாமலே கெட்டியாகிவிடும். அதே பணத்தில் பாதியைப் பிரஷ்ஷுக்கும் விளக்குக்கும் கொடுத்தால் முதல் பொம்மையிலேயே வித்தியாசம் தெரியும்.

28 மி.மீ., 32 மி.மீ. என்று போட்டிருக்கிறார்களே, அது எதற்கு?

நிற்கும் மனிதனின் உயரம், தோராயமாக. சிலர் பாதத்திலிருந்து கண் வரை அளப்பார்கள், சிலர் உச்சந்தலை வரை. அதனால் இரண்டு கம்பெனிகளின் 28 மி.மீ. பொம்மைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒன்று குள்ளமாகத் தெரியலாம். பல கம்பெனிகள் தலையையும் கையையும் ஆயுதத்தையும் வேண்டுமென்றே பெரிதாக்கிச் செதுக்குகின்றன. கை நீட்டும் தூரத்திலிருந்து பார்த்தாலும் அடையாளம் தெரிய வேண்டும் அல்லவா?

வண்ணம் தீட்டுபவருக்கு இந்த அளவில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. முழு அளவு மனிதன் மீது வெயில் பட்டால் சட்டை மடிப்பில் தானாகவே நிழல் விழும். மூன்று சென்டிமீட்டர் பொம்மையின் மடிப்போ ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, அதில் விழும் நிழல் கண்ணுக்கு எட்டாது. ஆகவே நிழலையும் ஒளியையும் நாமேதான் தீட்ட வேண்டும். கீழே வரும் வாஷ், டிரைபிரஷ் எல்லாம் இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

எந்த பிரஷ் வாங்கலாம்? 000 அளவு போதுமா?

புதிதாக வருகிற அநேகமாக எல்லோரும் செய்யும் தவறு இது. நானும் முதலில் அதைத்தான் வாங்கினேன். பொம்மை சின்னது, ஆகவே பிரஷ்ஷும் சின்னதாக இருக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் 000 பிரஷ்ஷின் வயிற்றில் பெயின்ட் நிற்க இடமே இல்லை. தட்டிலிருந்து எடுத்து பொம்மையின் முகத்துக்குக் கொண்டுபோவதற்குள் நுனி காய்ந்துவிடும். காய்ந்த நுனியால் அழுத்தினால் முடி பிரியும், கண்ணுக்குள் வைக்க வேண்டிய புள்ளி கன்னத்தில் போய் விழும்.

1 அல்லது 2 அளவு, உருண்டை பிரஷ் வாங்குங்கள். வயிறு தடிமனாக இருக்கட்டும், நுனி மட்டும் ஒரே முடியாகக் கூட வேண்டும். வேலை செய்வது அந்த நுனிதான். வயிற்றில் தேங்கிய பெயின்ட் மெதுவாக நுனிக்கு இறங்கிக்கொண்டே இருப்பதால், ஒரு முழு பெல்ட்டின் ஓரக்கோட்டை நடுவில் நிறுத்தாமல் இழுத்துவிடலாம். கண்ணுக்கு வைக்கும் புள்ளியையும் நான் 1 அளவு பிரஷ்ஷால்தான் வைக்கிறேன்.

கடையில் சோதித்துப் பார்க்க விடுவார்கள் என்றால் தண்ணீரில் முக்கி, கையை ஒருமுறை உதறிப் பாருங்கள். உதறியதும் முடியெல்லாம் சேர்ந்து ஊசி மாதிரி நின்றால் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாகப் பிளந்து நின்றால் வைத்துவிடுங்கள், வீட்டுக்கு வந்த பிறகு அது சேராது.

கோலின்ஸ்கி என்கிறார்களே, அவ்வளவு விலை கொடுக்கலாமா?

கோலின்ஸ்கி என்பது சைபீரிய வீசல் என்ற சிறு விலங்கின் வால் முடி. முடியின் நடுப்பகுதி பருத்து, நுனி மெலிந்து இருப்பதால் பெயின்ட்டையும் நிறையப் பிடிக்கும், நுனியும் கூடும். விண்ஸர் அண்ட் நியூட்டன் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் சீரிஸ் 7 இதில் பெயர் பெற்றது. 1866இல் விக்டோரியா மகாராணிக்காகச் செய்ததிலிருந்து வரும் வரிசை அது. அவருக்குப் பிடித்த அளவு 7 என்பதால் அந்தப் பெயர்.

கவனமாகப் பார்த்துக்கொண்டால் ஒரு நல்ல கோலின்ஸ்கி பிரஷ் வருடக்கணக்கில் உழைக்கும். ஆனால் முதல் பிரஷ்ஷாக அதை வாங்கச் சொல்ல மாட்டேன். பிரஷ்ஷைப் பராமரிக்கும் பழக்கம் கைக்கு வருவதற்குள் இரண்டு மூன்று பிரஷ் பாழாகத்தான் செய்யும், அவை விலை குறைந்த செயற்கை முடி பிரஷ்ஷாக இருக்கட்டும். செயற்கை முடியின் குறை, சில வாரங்களில் நுனி கொக்கி போல வளைந்துவிடுவது. அப்போது தூக்கிப் போடாமல் பெயின்ட் கலக்கவும், பேஸுக்கு (காலடியில் இருக்கும் வட்டத் தட்டு) அடிக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து கோலின்ஸ்கி தருவிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தியா இந்த விலங்கைச் காட்டு உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையின் மூன்றாம் பட்டியலில் சேர்த்திருக்கிறது. எந்த நாட்டிலிருந்து வந்த முடி என்பதற்கான சான்று கேட்கப்படலாம், விற்பவரிடம் முன்னாலேயே விசாரித்துவிடுங்கள்.

பிரஷ் சீக்கிரம் கெடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

முடியைப் பிடித்திருக்கும் உலோக வளையத்துக்குள் பெயின்ட் போகவே கூடாது. முடியின் நீளத்தில் பாதிக்கு மேல் பெயின்ட் ஏறவிடாதீர்கள். உள்ளே போய் இறுகிய பெயின்ட் முடியை அடியிலிருந்து விரித்துவிடும். அப்புறம் எவ்வளவு கழுவினாலும் நுனி கூடாது. சில நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீரில் அலசுங்கள். டம்ளருக்குள் தலைகீழாக நிற்கவைத்துவிட்டு போன் பேசப் போகாதீர்கள். வேலை முடிந்ததும் பிரஷ் சோப்பில் மெதுவாகச் சுழற்றி, நுரையில் நிறம் வருவது நிற்கும் வரைக்கும் கழுவி, விரலால் நுனியைக் கூட்டி, படுக்கவைத்துக் காயவிடுங்கள். உலோக நிற பெயின்ட்டுக்குத் தனி பிரஷ்ஷும் தனித் தண்ணீரும் வேண்டும். அதிலுள்ள மினுக்குத் துகள் மற்ற நிறங்களில் கலந்தால் முகமெல்லாம் பளபளக்கும்.

எந்த கம்பெனி பெயின்ட் நல்லது?

பெயர் பெற்ற எல்லாமே நன்றாகத்தான் இருக்கின்றன. வார்ஹாமரை வெளியிடும் கேம்ஸ் வொர்க்ஷாப், இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ஊரிலிருந்து சிட்டாடல் பெயின்ட் விற்கிறது. வழக்கமான டப்பா 12 மி.லி., மூடியைத் திறந்து பிரஷ்ஷால் எடுக்க வேண்டும். ஸ்பெயினின் வல்லேஹோ, டென்மார்க்கின் ஆர்மி பெயின்டர் போன்றவை சொட்டுப் புட்டியில் வருகின்றன.

நான் சொட்டுப் புட்டியின் பக்கம். இரண்டு சொட்டு சிவப்பு, ஒரு சொட்டு பழுப்பு என்று எண்ணிக் கலந்தால் அடுத்த வாரமும் அதே நிறத்தைக் கொண்டுவரலாம். பத்து வீரர்களுக்கு ஒரே சட்டை தீட்டும்போது இதன் அருமை தெரியும். அதோடு, நம் ஊர் வெப்பத்தில் டப்பாவைத் திறந்துவைத்தபடி வேலை செய்தால் ஓரத்தில் பெயின்ட் ஏடு கட்டி, மூடி சரியாகப் பொருந்தாமல் போய், உள்ளே இருப்பதும் இறுகிவிடுகிறது. சொட்டுப் புட்டியில் மூக்கு மட்டும் அடைக்கும், ஊசியால் குத்தினால் சரியாகிவிடும்.

எந்தெந்த நிறம் வாங்குவது?

கறுப்பு, தந்த வெள்ளை, சிவப்பு, நீலம், மஞ்சள், கரும்பழுப்பு, வெளிர்பழுப்பு, வெள்ளி. பச்சை, ஆரஞ்சு, ஊதா எல்லாம் இவற்றைக் கலந்தே வரும்.

தோல் நிறத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தோல் நிறம் என்று எழுதி விற்கப்படும் புட்டிகள் பலவும் ஐரோப்பியரின் வெளிர் தோலுக்கானவை. நம் தோலைப் போலத் தீட்ட வேண்டுமானால் கரும்பழுப்பில் ஒரு துளி சிவப்பு சேர்த்து அடிநிறமாக அடியுங்கள். கன்னம், மூக்குத் தண்டு, நெற்றி மேடு ஆகியவற்றை வெளிச்சமாக்க அதே கலவையில் ஆரஞ்சையும் வெளிர்பழுப்பையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வெள்ளையைச் சேர்க்காதீர்கள், திருநீறு பூசிய மாதிரி சாம்பல் பூத்துவிடும். கீழுதட்டில் மட்டும் சிவப்பு சற்றுத் தூக்கலாக ஒரு மெல்லிய கோடு. அந்தக் கோடு விழுந்ததும் முகத்துக்கு உயிர் வந்துவிடும். என் மேசையில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான்.

பள்ளிக்கூடத்துக்கு வாங்கிய அக்ரிலிக் பெயின்ட் வீட்டில் இருக்கிறது, அது போதாதா?

பேஸுக்கும் மேசையில் வைக்கும் மரம், பாறைக்கும் தாராளமாகப் போதும். முகத்துக்கும் உடைக்கும் போதாது. மினியேச்சர் பெயின்ட்டில் நிறத்துகளை மிக நைசாக அரைத்திருப்பார்கள். அதனால் மெல்லிய பூச்சிலேயே அடி மறையும், செதுக்கிய நுணுக்கமும் மூழ்காது. கைவினைப் பெயின்ட்டில் துகள் பெரிது. அடியை மறைக்கும் வரை அடித்தால் கண்ணும் வாயும் அடைபடும், தண்ணீர் விட்டால் திட்டுத் திட்டாகப் பிரியும்.

பெயின்ட்டில் எவ்வளவு தண்ணீர் சேர்க்க வேண்டும்?

காய்ச்சிய பாலைப் போல இருக்க வேண்டும் என்பார்கள். பெரும்பாலும் இரண்டு பங்கு பெயின்ட்டுக்கு ஒரு பங்கு தண்ணீரில் ஆரம்பிக்கலாம், ஆனால் நிறத்துக்கு நிறம் மாறும். என் அளவுகோல் கட்டைவிரல் நகம். பிரஷ்ஷால் நகத்தில் ஒரு கோடு இழுங்கள். கோட்டில் முடியின் தடம் வரிவரியாகத் தெரிந்தால் கெட்டி. ஓரத்தில் ஒதுங்கி நடுவில் நகம் தெரிந்தால் தண்ணீர் அதிகம். சமமாகப் படிந்து, லேசாக அடி தெரிந்தால் சரி.

அடி தெரிகிறதே என்று பயப்பட வேண்டாம். முதல் பூச்சு முழுக்கக் காய்ந்த பிறகு இரண்டாவது, தேவைப்பட்டால் மூன்றாவது. மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் மூன்று பூச்சு சாதாரணம். அரைகுறையாகக் காய்ந்ததன் மேல் தொட்டால் கீழே இருப்பதும் சுருட்டிக்கொண்டு வரும். பொறுமை இல்லாதவர்கள் இரண்டு பொம்மைகளை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றித் தீட்டுங்கள்.

ஈரத் தட்டு என்றால் என்ன?

தட்டில் வைத்த பெயின்ட் காயாமலிருக்க அடியிலிருந்து ஈரம் கொடுக்கும் ஏற்பாடு. மூடி உள்ள தட்டையான டிபன் பாக்ஸ் ஒன்றை எடுத்து, அடியில் மெல்லிய ஸ்பாஞ்ச் அல்லது நாலாக மடித்த சமையலறை டிஷ்யூவை விரியுங்கள். நன்றாக நனைத்து, மேலே பேக்கிங்குக்குப் பயன்படும் பட்டர் பேப்பரைக் குமிழி இல்லாமல் படியவையுங்கள். மெழுகு பூசிய தாள் வேண்டாம், அதில் ஈரம் மேலே வராது. சில பட்டர் பேப்பரும் அப்படித்தான் இருக்கும், வேறொன்றை வாங்கிப் பார்க்க வேண்டியதுதான்.

மே மாதத்தில் மின்விசிறிக்குக் கீழே சாதாரணத் தட்டில் வைத்த ஒரு சொட்டு ஐந்து நிமிடம்கூடத் தாங்குவதில்லை. ஈரத் தட்டில் அதே சொட்டு மாலை முழுக்க இருக்கும், மூடிவைத்தால் மறுநாளும் கிடைக்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரையும் தாளையும் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை வாடை வரும்.

பிரைமர் கட்டாயமா?

கட்டாயம். பிளாஸ்டிக்கிலும் உலோகத்திலும் அக்ரிலிக் நேரடியாகப் பிடிக்காது, விளையாடும்போது விரல் பட்ட இடமெல்லாம் உரிந்துவரும். பிரைமர் பூசப்பட்டே வரும் பொம்மைகளும் உண்டு, பெட்டியில் எழுதியிருப்பார்கள். ரெசினில் வார்த்த பொம்மை என்றால் அச்சிலிருந்து பிரிப்பதற்காகப் பூசிய எண்ணெய் ஒட்டியிருக்கும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் காயவைத்த பிறகே பிரைமர்.

கறுப்பு பிரைமர் தவறுகளை மறைக்கும், கவசம் அணிந்தவர்களுக்கு நல்லது. வெள்ளையில் சிவப்பும் மஞ்சளும் பளிச்சென்று எழும். எதுவென்று தெரியாவிட்டால் சாம்பல். நான் முழுக்கக் கறுப்பு அடித்துவிட்டு, தலைக்கு நேர் மேலேயிருந்து மட்டும் வெள்ளையை லேசாகத் தெளிப்பேன். உச்சி வெயில் எங்கே விழும், எங்கே நிழல் தங்கும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

ஸ்பிரே அடித்தால் மேலெல்லாம் மணல் மாதிரி சொரசொரப்பாகிவிட்டது. ஏன்?

பெரும்பாலும் காற்றின் ஈரம் அல்லது தூரம். ஒரு ஐப்பசி மாலையில், மழை விட்ட கையோடு மொட்டை மாடியில் பன்னிரண்டு எலும்புக்கூடு வீரர்களை வரிசையாக நிறுத்தி அடித்தேன். உள்ளே கொண்டுவந்து விளக்கில் பார்த்தால், விலா எலும்புகளுக்கு நடுவே ரவை தூவியது போல இருந்தது. பன்னிரண்டையும் சுரண்டிக் கழுவ இரண்டு நாள் ஆனது.

அன்றிலிருந்து மழைக்காலத்தில் ஸ்பிரேயைத் தொடுவதில்லை. கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் காலை பத்து மணிக்கு மேல், வெயில் ஏறிக் காற்று உலர்ந்த நேரத்தில், நிழலான இடத்தில் அடியுங்கள். டப்பாவை இரண்டு நிமிடம் விடாமல் குலுக்குங்கள். இருபதிலிருந்து முப்பது சென்டிமீட்டர் தூரத்திலிருந்து, பொம்மையின் மேல் நிறுத்தாமல் பக்கவாட்டில் வீசி வீசி அடியுங்கள். மிகத் தள்ளி நின்றால் துளி பறக்கும்போதே காய்ந்து தூளாகத்தான் வந்து விழும். ஈரப்பதம் குறையவே இல்லையென்றால் பிரஷ்ஷால் பூசும் பிரைமர் கிடைக்கிறது. நேரம் கூட ஆகும், ஆனால் மழையிலும் வேலை நிற்காது.

வாஷ் என்ன செய்யும்? கான்ட்ராஸ்ட் பெயின்ட் அதே மாதிரிதானா?

வாஷ் என்பது தண்ணீர் போல ஓடும் கருநிற மை. சங்கிலிக் கவசத்தில் ஒரு பிரஷ் வையுங்கள். மை மேட்டிலிருந்து வழிந்து ஒவ்வொரு வளையத்தின் குழியிலும் போய்த் தேங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். அரை மணி நேரத்தில் காய்ந்ததும், அதுவரை வெறும் வெள்ளித் தகடாக இருந்தது கண்ணி கண்ணியாகப் பிரிந்து தெரியும். சிட்டாடலின் நுல்ன் ஆயில் கறுப்பு, அக்ராக்ஸ் எர்த்ஷேட் பழுப்பு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பழுப்பு. தோல், மரம், துணி, துரு எல்லாவற்றுக்கும் பொருந்தும். கீழே குளம் கட்டினால் காய்வதற்குள் ஈரமில்லாத பிரஷ்ஷால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

2019இல் சிட்டாடல் கொண்டுவந்த கான்ட்ராஸ்ட், பின்னால் வந்த ஆர்மி பெயின்டரின் ஸ்பீட்பெயின்ட் ஆகியவை நிறத்தையும் நிழலையும் ஒரே பூச்சில் கொடுக்க முயல்பவை. வெளிர்ந்த பிரைமர் மேல் அடிக்க வேண்டும். ரோமம், மடிப்பான அங்கி, எலும்பு இவற்றில் அற்புதமாக அமையும், வழவழப்பான தகட்டில் திட்டாகும். நூறு பேர் கொண்ட படையைத் தீட்டி விளையாட வேண்டும் என்பவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன்.

எந்தப் பசை?

பொருளைப் பார்த்துத்தான் பசை. பாகங்கள் ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டி எடுக்கும் சாம்பல் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். அதற்கு பிளாஸ்டிக் சிமென்ட். அது இரண்டு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக உருக்கிவிடும், பிறகு பிரிக்க முடியாது. உலோகத்தையும் ரெசினையும் அது ஒட்டாது, அவற்றுக்கு ஃபெவிக்விக் வகைப் பசை. பேஸில் மணல் ஒட்ட ஃபெவிகால்.

வெட்டவும் சுரண்டவும்?

ஒரு பக்கம் தட்டையான சின்ன நிப்பர் (வெட்டும் குறடு), கூரான கைவினைக் கத்தி, ஒரு நைசான அரம். அச்சின் இரு பாதியும் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஓடும். கத்தியின் பின்பக்கத்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள். இப்போது கண்ணில் படாது, வாஷ் போட்டதும் தழும்பு போலத் தெரியும்.

விளக்கு, லென்ஸ்?

5000 முதல் 6500 கெல்வின் வரையிலான வெள்ளை வெளிச்சம், சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு) 90க்கு மேல். மஞ்சள் பல்பின் கீழே தீட்டிய நீலம் காலையில் வேறு நீலமாக இருக்கும். ஒரே விளக்கென்றால் எழுதும் கைக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள், கையின் நிழல் பொம்மை மேல் விழாது. நாற்பதைத் தாண்டியவர்கள் தலையில் மாட்டும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், கை நடுங்குகிறது என்று நினைத்தது பாதி கண்ணின் சிரமம்தான். பொம்மையை மருந்துப் புட்டியின் மூடியில் புளூ டேக் என்ற ஒட்டி எடுக்கும் பசைக்களிம்பால் ஒட்டிப் பிடித்தால் விரல் பெயின்ட்டில் படாது.

ஏர்பிரஷ்?

இப்போது வேண்டாம். கம்ப்ரஸர், சுத்தம் செய்யும் திரவம், முகமூடி என்று செலவு நீளும். முப்பது நாற்பது பொம்மை பிரஷ்ஷால் தீட்டிய பிறகு உங்களுக்கே தேவையா இல்லையா என்று தெரியும்.

உடம்புக்குத் தீங்கு ஏதும் உண்டா?

பிரஷ் நுனியை நாக்கில் வைத்துக் கூட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. செய்யாதீர்கள், சில நிறத்துகள்களில் காட்மியம் போன்ற உலோகங்கள் இருக்கலாம். ஸ்பிரேயைத் திறந்த வெளியில், அதற்கான வடிகட்டி பொருத்திய முகமூடியோடு அடியுங்கள். துணி முகமூடி ஆவியைத் தடுக்காது. ரெசினைத் தேய்ப்பதானால் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், தூள் நுரையீரலுக்கு ஆகாது. பழைய உலோகப் பொம்மைகளில் ஈயம் இருக்கலாம். அவற்றைத் தொட்டபின் கை கழுவாமல் சாப்பிட வேண்டாம், சின்னக் குழந்தைகளிடம் கொடுக்கவும் வேண்டாம்.

தீட்டியது பிடிக்கவில்லை. அழிக்கலாமா?

அழிக்கலாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சில மணி நேரம் ஊறவைத்து பல்துலக்கியால் தேய்த்தால் அக்ரிலிக் கழன்றுவரும், சாம்பல் பிளாஸ்டிக்குக்குக் கேடில்லை. ரெசினை நெடுநேரம் ஊறவிடாதீர்கள். நகப்பூச்சு அகற்றும் அசிட்டோன் பக்கம் போகவே வேண்டாம், பிளாஸ்டிக் கூழாகிவிடும். ஆனால் முதல் பொம்மையை மட்டும் அழிக்காமல் வைத்திருங்கள். ஆறு மாதம் கழித்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒன்று வேண்டும்.

வார்னிஷ் எப்போது?

எல்லாம் முடிந்து ஒரு நாள் காய்ந்த பிறகு. விளையாடப்போகும் பொம்மை என்றால் அவசியம், மெல்லியதாக இரண்டு பூச்சு. மேட்தான் நல்லது. பளபளப்பு நாம் தீட்டிய ஒளி நிழலைக் குலைக்கும். கண்மணிக்கும் சொட்டும் ரத்தத்துக்கும் மட்டும் கடைசியில் ஒரு துளி பளபளப்பு வார்னிஷ் வைக்கலாம். ஸ்பிரே வார்னிஷ் என்றால் பிரைமருக்குச் சொன்ன மழை எச்சரிக்கை இதற்கும் உண்டு, இன்னும் கூடுதலாக. ஈரக் காற்றில் அது வெள்ளையாகப் பூத்து, முடித்த வேலையின் மேலேயே படிந்துவிடும்.

காலடியில் இருக்கும் வட்டத் தட்டை என்ன செய்வது?

பேஸ் என்று சொல்லும் அந்தத் தட்டுக்குச் செலவே இல்லை. ஃபெவிகாலைத் தடவி, மாவுச் சல்லடையில் சலித்த ஆற்று மணலில் முக்கி எடுங்கள். ஒரு இரவு காயட்டும். கரும்பழுப்பு அடித்து, பழுப்பு வாஷ் ஓடவிட்டு, காய்ந்ததும் அந்தப் பழைய பிரஷ்ஷில் தந்த வெள்ளையைத் தொட்டு, பெயின்ட்டே இல்லை என்று தோன்றும் வரை பழைய துணியில் துடைத்துவிட்டு, மணல் மேல் லேசாக உரசுங்கள். ஒவ்வொரு மணலின் தலையிலும் வெளிச்சம் ஏறும். இதுதான் டிரைபிரஷ். கடைசியாகத் தட்டின் விளிம்பைச் சுற்றிக் கறுப்பு அடித்து, மேசையில் நிறுத்துங்கள்.